கோர்ட்டிலிருந்து திரும்பிய பதினோரு புட்டிகள்

அத்தியாயம் 7

ஓட்டலின் நிலவறைக்குப் பதினெட்டுப் படிகள். முப்பது வருடம் தொலைதூர பஸ் ஓட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்ட டிரைவர் மாமா, படிக்கு ஒரு பெருமூச்சாக விட்டுக்கொண்டு இறங்கினார். முன்னால் போன அவருடைய அக்கா மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கோடு வருகிறவர்களுக்கு அவள் துப்பறியும் மேடம். நாற்பது வயதாகியும் மாமாவுக்கு மட்டும் பாப்பா. இந்தத் தொழிலில் மூளை பாப்பாவுடையது, வாய் தன்னுடையது என்று மாமா வெளியில் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

கீழே மூலையில் சிவப்பு நாடா கட்டிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் பதினோரு புட்டிகள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் கோர்ட்டின் அரக்கு முத்திரை. தீர்ப்பு வந்த கையோடு ஓட்டலுக்கே திரும்பி வந்தவை. குடிக்க மனமில்லாமல், தூக்கி எறியவும் மனமில்லாமல் முதலாளி அப்படியே போட்டு வைத்திருந்தார். அவரும் இப்போது கூட வந்திருந்தார். மணி இரண்டு. நாலு மணிக்கு மேலே பெரிய ஹாலில் நாற்பது விருந்தாளிகள் ஒயின் ருசி பார்க்க வருகிறார்கள். அந்தக் கவலையில் நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள்தான் இந்த வழக்கின் கட்சிக்காரி. வந்த நாளிலிருந்து "என் தம்பி" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. அதனால் தன்னைவிட இருபது வயது இளையவள் என்பதையும் மறந்து மாமா அவளுக்கு அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன் இந்த நிலவறை அவள் தம்பியின் பொறுப்பில் இருந்தது. சாவி அவனிடம் மட்டும்தான். பிரெஞ்சு தேசத்து இனிப்பு ஒயின் ஒரு டஜனைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். ஒரு விருந்து நாளில் முதல் புட்டியைத் திறந்தார்கள். ஓட்டலின் தலைமைச் சுவைஞர், எல்லாரும் பெரியவர் என்று அழைக்கிறவர், ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். இது சர்க்கரைத் தண்ணீர், எவனோ கார்க்கில் ஊசி போட்டு உறிஞ்சிவிட்டு மாற்றியிருக்கிறான் என்றார். அவ்வளவுதான். தம்பியை விருந்தாளிகள் முன்னாலேயே சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போனார்கள். இரண்டு வருடம் ஜெயில். வெளியே வந்தவனுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. வீட்டின் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்தான், கேட்டதற்குக்கூடப் பதில் சொல்வதில்லை.

அக்கா அப்போது கணக்கு டீச்சர். ஒயினுக்கும் அவளுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. வேலையை விட்டாள். எச்சில் கோப்பை கழுவுவதில் ஆரம்பித்து ஒயின் ருசி பார்க்கும் தொழிலை அடியிலிருந்து கற்றாள். பழி வாங்குகிறவர்கள் கத்தியைத் தீட்டுவார்கள், இவள் நாக்கைத் தீட்டினாள். மூன்று மாதத்துக்கு முன் இதே ஓட்டலில், இதே பெரியவரின் கீழ் உதவிச் சுவைஞராகச் சேர்ந்தாள். தான் இன்னாருடைய அக்கா என்று மூச்சு விடவில்லை. அசல் ஒயினைத் திருடி விற்றது பெரியவர்தான் என்பது அவள் முடிவு. அதை நிரூபிக்கத்தான் பாப்பாவைப் பிடித்திருந்தாள்.

"திறங்க," என்றாள் பாப்பா.

அக்கா ஒரு புட்டியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். உள்ளே தேன் நிறம் ததும்பியது. இந்தத் திராட்சையைக் கொடியிலேயே விட்டுப் பூசணம் பிடிக்க வைப்பார்கள், சுருங்கினதை ஒவ்வொன்றாகப் பறிப்பார்கள், ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் தேறினால் பெரிது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். ஒயினுக்கு இளசில் வைக்கோல் நிறம், பிறகு பொன், பிறகு தேன், கடைசியில் தேத்தண்ணீர் நிறம். வயது ஏற ஏற இனிப்பு உள்ளே ஒடுங்கும், வாசனைகள் ஒன்றொன்றாக வெளியே வரும்.

பூசணம் பிடித்த பழத்தை வீட்டில் வைத்ததற்காகத் தன் மனைவி தன்னை ஒரு வாரம் திட்டியதாக மாமா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரரான அவருக்கு அந்த நிறத்தைப் பார்த்ததுமே நாக்கில் நீர் ஊறியது வேறு விஷயம்.

கார்க் வெளியே வந்ததும் பாப்பா அதை வாங்கி, பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தாள். பூதக்கண்ணாடியை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். ஊசி போன தடமே இல்லை. அன்றைக்குத் திறந்த புட்டியின் கார்க்கை இப்படி யாரும் பார்க்கவில்லையா என்று முதலாளியைக் கேட்டாள். அந்தக் களேபரத்தில் அது குப்பையோடு போய்விட்டதாம். ஆய்வுக்கூடமோ சாராயம், சர்க்கரை, புளிப்பு என்று மூன்று வரி எழுதி அனுப்பியதாம். அந்த மூன்று வரி அசலுக்கும் பொருந்தும், போலிக்கும் பொருந்தும். ஆகவே பெரியவரின் நாக்கைத்தான் கோர்ட் சாட்சியாக எடுத்துக்கொண்டது.

அக்கா ஒரு வாய் அருந்திக் கண்ணை மூடினாள். கன்னத்தில் நீர் இறங்கியதைப் பார்த்ததும் மாமாவின் கிண்டலெல்லாம் எங்கோ ஓடிப்போயிற்று.

"அசல். கலப்படமே இல்லாத அசல். யாரும் எதையும் மாத்தல."

பாப்பா முதலாளியின் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு நீங்களும் குடித்தீர்கள்தானே என்று மடக்கினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

"குடிச்சேன் மேடம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவரே சக்கரைத் தண்ணின்னு சொன்னப்புறம் எனக்கும் சக்கரைத் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு."

அக்காவின் முகம் இப்போது கறுத்திருந்தது. திருட்டே நடக்கவில்லை. இல்லாத திருடனைத்தான் ஒன்பது வருடம் மனதுக்குள் துரத்தியிருக்கிறாள். அப்படியானால் அந்தக் கிழவன் வேண்டுமென்றே பொய் சொன்னான், ஏன் என்று தெரிந்தாக வேண்டும், தெரிந்ததும் அவனைச் சும்மா விடப்போவதில்லை என்றாள்.

"அவர் பொய் சொல்லலைன்னா?" என்றாள் பாப்பா.

அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் புரியவில்லை. புரியாதபோது தலையாட்டுவது மாமாவின் வழக்கம். ஆட்டினார்.

*

ஓட்டல் அலுவலக அறையில் பாப்பா கேட்டு வாங்கியது ஒரே ஒரு நோட்டு. ருசி பார்க்கும் ஒவ்வொரு அமர்விலும் யார் என்ன சொன்னார்கள் என்று சொன்ன வரிசையிலேயே எழுதி வைக்கும் நோட்டு. அவள் அதைப் புரட்டுகிற நேரத்தில், காலையில் தனக்கு இட்ட வேலையின் கணக்கை மாமா ஒப்பித்தார். பெரியவர் வீட்டுச் சமையல்காரியிடம் பேச்சுக் கொடுத்து வரச் சொல்லியிருந்தாள் பாப்பா. பேச்சுக் கொடுப்பதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் சரக்கு ஒன்றும் பெரிதாகச் சிக்கவில்லை. கிழவர் தங்கமானவர், மாதத்துக்கு ஒரு தடவை அடுப்பில் வைத்த பாலைத் தீய விட்டுவிடுவார். போன மாதம் பாத்திரமே கருகி வீடு முழுக்கப் புகை. அவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம்.

"பாவம், காது மந்தம் போல," என்று முடித்தார் மாமா.

பாப்பா நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். "பால் தீய்ஞ்சா காதுக்கா மாமா தெரியும்?"

பஸ்ஸில் பிரேக் தீய்ந்தால் முதலில் தெரிவது எதற்கு என்பது முப்பது வருட அனுபவத்தில் மாமாவுக்கு நன்றாகவே தெரியும். அதை ஏன் யோசிக்கவில்லை என்று தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது.

பாப்பா நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அந்த விருந்துக்கு முந்தைய பக்கங்களில் எல்லா அமர்விலும் முதல் வரி பெரியவருடையது. தலைவர் முதலில் பேசுவார், மற்றவர்கள் பின்னால். விருந்துக்குப் பிந்தைய ஒன்பது வருடப் பக்கங்களில் அவர் வரி கடைசியில் இருந்தது. ஒரு தடவைகூட மாறவில்லை. இளையவர்கள் பயமில்லாமல் பேசப் பழகட்டும் என்று அவரே கொண்டு வந்த புது முறை அது, எங்களுக்கெல்லாம் அப்போது பெருமையாக இருந்தது என்றார் முதலாளி.

"இளையவங்க என்ன வாசனை சொல்றாங்களோ அதையே அவர் அழகாத் திருப்பிச் சொல்லியிருக்கார். ஒன்பது வருஷத்துல புதுசா ஒரு வாசனைகூட அவர் வாயிலேருந்து முதல்ல வரல," என்றாள் பாப்பா.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூக்கு செத்துப்போனவன் வாயில் உலகத்தின் ஆகச் சிறந்த இனிப்பு ஒயினை ஊற்றினாலும் அவனுக்கு அது சர்க்கரைத் தண்ணீர்தான். அந்தத் தொழிலில் இருக்கிற அவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அவனுக்கு மூக்கு இல்லைன்னு என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கான்," என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. அதுதான் மாமாவுக்குப் பயமாக இருந்தது.

*

பாப்பாவின் யோசனைப்படி பொருள்களைத் தயார் செய்யும் வேலை ஓட்டல் சமையலறையில், மாமாவின் தலையில் விழுந்தது. இருப்பதிலேயே மட்டமான இனிப்பில்லாத வெள்ளை ஒயின் ஒரு கிளாஸ். அதில் நாலு ஸ்பூன் சர்க்கரைப் பாகு. நிறத்துக்குக் கொஞ்சம் பால் ஊற்றாத கட்டன் தேத்தண்ணீர். புளிப்புக்கு எலுமிச்சை இரண்டு சொட்டு. சர்க்கரை வியாதிக்காரனைப் பாகு கலக்க வைக்கிற பாவம் உங்களைச் சும்மா விடாது என்று முணுமுணுத்தபடியே அவர் கலக்கினார். அக்கா கேக் சாமான் அலமாரியைத் துழாவி ஒரு சிறு குப்பியை எடுத்து வந்து, ஐந்து சொட்டு விட்டாள். வாழைப்பழ எசென்ஸ். குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்து நெடி சமையலறை முழுக்கப் பரவியது. அடுப்படியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷம் கிஷம் ஏதாவது கலக்கிறாளா என்று மாமா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"பயப்படாதீங்க மாமா. செத்துட்டா எனக்கு நஷ்டம்."

*

மூன்று மணி. சுவை அறையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை. ஒரே ஒரு கிளாஸ். பாப்பாவை முதலாளியின் உறவுக்காரி என்றும், மாமாவை வெளியூர்ப் பெரிய வாடிக்கையாளர் என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். இரவல் டை மாமாவின் கழுத்தை நெரித்தது.

பெரியவர் வந்தார். எழுபது வயது, நிமிர்ந்த முதுகு, மடிப்புக் கலையாத கோட்டு. நாலு மணி அமர்வுக்கு முதலில் ஊற்றப்போகும் ஒயின் இது, ஒரு வார்த்தை நீங்கள் சொல்லிவிட்டால் தைரியமாக இருக்கும் என்றார் முதலாளி. அவர் குரல் கொஞ்சம் பிசிறியது.

பெரியவர் வழக்கம்போல அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா முதல்ல."

அக்கா கிளாஸைச் சுழற்றி முகர்ந்து, ஒரு வாய் வைத்துத் துப்பினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. காய்ந்த ஆப்ரிகாட், குங்குமப்பூ, கடைசியில் ஆரஞ்சுத் தோல் என்று பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள். மூன்றடி தள்ளி நின்ற மாமாவின் மூக்கில் வாழைப்பழம் குடைந்துகொண்டிருந்தது. சிரிப்பை அடக்க அவர் உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டார்.

பெரியவர் கிளாஸை மூக்கருகே கொண்டு போனார். கண்ணை மூடினார். ஆழமாக இழுத்தார். அந்த அழகைப் பார்த்தால் யாருமே நம்பிவிடுவார்கள். பிறகு ஒரு வாய் உறிஞ்சி, வாய்க்குள் உருட்டினார்.

"குங்குமப்பூவை சரியாப் பிடிச்சிருக்கே. அடியில கொஞ்சம் தேன்மெழுகும் இருக்கு பாரு. இன்னும் இருபது வருஷம் தாங்கும்."

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் என்றுதான் நினைத்திருந்தார். முதலாளி முன்னால் வந்து கிளாஸை வாங்கி முகர்ந்தார். அவர் முகம் போன போக்கே போதும்.

அது மட்ட ஒயினும் சர்க்கரைப் பாகும் வாழைப்பழ எசென்ஸும் என்று பாப்பா நிதானமாக எடுத்துச் சொன்னாள். பிளந்த கார்க்கை மேஜைமேல் வைத்தாள். நோட்டைத் திறந்து வைத்தாள். பால் தீய்ந்த கதையையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெரியவரின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.

அந்த விருந்துக்கு மூன்று நாள் முன்னால் காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போனபோது வாசனையையும் கொண்டு போய்விட்டதாம். வெறும் மூக்கடைப்பு, வாசனை அடியோடு போகவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தாராம். அன்றைக்கு அந்த ஒயினை வாயில் வைத்தபோது உண்மையாகவே சர்க்கரைத் தண்ணீராகத்தான் இருந்தது, மனதறிந்து பொய் சொல்லவில்லை என்றார்.

"அப்புறம் எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டாள் பாப்பா.

அவர் விரிப்பைப் பார்த்தபடி பதில் சொன்னார். மறுநாள் காலை வீட்டில் வேறோர் இனிப்பு ஒயின் புட்டியைத் திறந்தாராம். அதுவும் சர்க்கரைத் தண்ணீர். அடுத்ததும் அப்படியே.

"மறுநாளே தெரிஞ்சுடுச்சு," என்றாள் அக்கா. "என் தம்பி அன்னிக்கு லாக்கப்லதான் இருந்தான். கேஸே போடல. நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா மத்தியானம் வீட்டுக்கு வந்திருப்பான்."

தம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். மூன்று மாதமாகப் பக்கத்தில் நின்று கிளாஸ் நீட்டியவள் யாரென்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், கோர்ட்டுக்குக்கூட வருகிறேன், விருந்தாளிகள் முன்னால் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினார். இந்த மூக்கை வைத்துத்தான் ஊர் எனக்கு மரியாதை தருகிறது, அது போனால் என்னிடம் வேறொன்றும் இல்லை என்றார்.

பாப்பா அக்காவைப் பார்த்தாள். தீர்ப்பை மாற்ற எழுத்து போதும், சட்டப்படி அதற்குமேல் தேவையில்லை என்றாள். மாமாவுக்கும் கிழவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததை ஒத்துக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது, அந்தப் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவனை அவர் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார்.

அக்கா மேஜையிலிருந்த கிளாஸை எடுத்துத் துப்பும் தொட்டியில் கொட்டினாள்.

"எழுத்தும் வேணும். ஆனா என் தம்பியை வக்கீல் ஆபீஸ்ல வெச்சு இழுத்துட்டுப் போகல. நாப்பது பேர் பாத்தாங்க. இன்னிக்கும் நாப்பது பேர் வர்றாங்க."

*

நாலு மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. மாமா கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றார். டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். முன் மேஜையில் நிலவறையில் திறந்த புட்டி, அரக்கு முத்திரையோடு. அதன் அருகே அக்கா தன் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தாள். வீட்டில் அவள் கணவர் மறுமுனையைப் பின்னறைக்குக் கொண்டு போய், தம்பியின் மடியில் வைத்திருந்தார்.

இன்றைக்குப் பெரியவர் முதலில் பேசுவார் என்று அக்கா அறிவித்தாள். பழைய வாடிக்கையாளர்கள் கை தட்டினார்கள். அவள் ஊற்றிய ஒயின் கிளாஸில் தேன் நிறத்தில் இறங்கியது. முன்வரிசைக்காரர்கள் அது மேஜையில் இருக்கும்போதே மூக்கை உயர்த்தி வாசனை பிடித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரோரம் நின்ற மாமாவுக்கேகூட ஏதோ மெல்ல எட்டியது. பழமா, தேனா, பழைய மரப்பெட்டியா என்று அவரால் சொல்ல முடியவில்லை. நல்ல வாசனை என்பது மட்டும் தெரிந்தது.

பெரியவர் கிளாஸை வாங்கினார். முகரவில்லை.

"இதுல என்ன வாசனை இருக்குன்னு எனக்குத் தெரியாது," என்றார். "ஒன்பது வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது. இதே ஹால்ல இதே ஒயினைப் போலின்னு சொன்னேன். அது அசல். நிலவறைப் பையன் ஒரு சொட்டுகூட எடுக்கல. மறுநாளே எனக்குத் தெரியும். சொல்லல."

முதலாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பெரியவர் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டுப் போகத் திரும்பினார். தன் பங்கு முடிந்தது என்று நினைத்தார் போலும்.

அப்போது போனில் யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று போனின் பக்கம் குனிந்தாள். அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கு எத்தனை நாளாயிற்றோ. துருப்பிடித்த மாதிரி, மெதுவாக வந்தது. அதில் கோபம் இல்லை. நிலவறையைப் பார்த்துக்கொண்ட ஒருவன் கேட்கக்கூடிய கேள்விதான் அது.

"சார், அது இப்ப எப்படி வந்திருக்கு? வாசனை எப்படி இருக்கு சார்?"

பெரியவர் கதவுக்குப் பாதி வழியில் நின்றுவிட்டார். கிளாஸைப் பார்த்தார். முன்வரிசை முகங்களைப் பார்த்தார்.

அக்கா போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"கேக்குறான்ல. சொல்லுங்க."

வெளியே வண்டியை எடுக்கலாமா என்று மாமா ஜாடையில் கேட்டார். பாப்பா வேண்டாம் என்று தலையசைத்தாள். பதில் வராமல் அக்கா எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.